மேற்பிரிவிலிருந்து பிரதான வீதிக்கு நடைபாதை: சபைக்கு வந்த பிரேரணை பற்றி

மேற்பிரிவு மகன் — ஞாயிறு, இரவு 8.15

கடந்த வியாழக்கிழமை நமது பிரதேச சபையின் மாதாந்தப் பொதுக்கூட்டத்தில், தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து வீதியோர வீடமைப்புத் திட்டத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதையை நடைபாதையாக அமைக்க வேண்டும் என்ற பிரேரணை எடுத்துக்கொள்ளப்பட்டது. பார்வையாளர் வாங்கில் நானும் உட்கார்ந்திருந்தேன். முன்மொழிந்த எங்கள் வட்டார உறுப்பினர் ஐந்து நிமிடம் பேசினார். எதிர்த்தவர் பத்து நிமிடம் பேசினார். பிறகு தேநீர் வந்தது. தேநீருக்குப் பின்னர் "தள ஆய்வு செய்து அறிக்கை பெறப்படும்" என்று தவிசாளர் கூற, அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள்.

இதே பாதைக்கு 2022ஆம் ஆண்டிலும் ஒரு பிரேரணை வந்தது. 2023 மார்ச் மாதம் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்கள் சபைகளை நடத்தியதால், அது கேட்பாரற்றுக் கிடந்தது. இந்த முறையும் "தள ஆய்வு" என்ற சொல்லுக்குள் அது உறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பாதையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் தொழிலாளர்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தின் ஓரத்தில் தொடங்கி, தண்ணீர்ப் பீலியைக் கடந்து, பதினோராம் நம்பர் தேயிலை மலையின் குறுக்கே அது செல்கிறது. நடுவில் ஓர் ஓடை. அதன்மேல் இரண்டு சிலிப்பர் கட்டைகள், ஒன்று உளுத்துவிட்டது. ஓடைக்கு அப்பால் டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே செம்மண் சரிவு. அந்தச் சரிவில் மண்வெட்டியால் வெட்டிய படிகள் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து, ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் இளைஞர்களால் மறுபடி வெட்டப்படுகின்றன. கடைசியில் வீடமைப்புத் திட்டத்தின் அணைச்சுவருக்குப் பின்னால், குடையை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பினால் மட்டுமே நுழையக்கூடிய ஓர் இடுக்கு. அதைத் தாண்டினால் பிரதான வீதி, பாடசாலை, மருந்தகம் எல்லாம் எதிரிலேயே.

சென்ற சனிக்கிழமை அண்ணன் மகன்மாருடன் நாடா பிடித்து அளந்தேன். 412 மீற்றர் வந்தது. தொழிற்சாலையைச் சுற்றிக்கொண்டு வரும் வண்டிப்பாதையோ 3.8 கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு 600 ரூபாய். மழை இரவென்றால் 800க்குக் குறைந்து யாரும் வரமாட்டார்கள். வரிசை வீடுகளான லயங்களிலும் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட புதிய தனி வீடுகளிலும் இருக்கும் குடும்பங்கள் அனைத்துக்கும் அன்றாட வழி இந்த 412 மீற்றர்தான்.

கீழே குடியிருப்பவர்கள் சிலர் எதிர்க்கிறார்கள் என்பதைச் சபையில்தான் முதன்முதலாக அறிந்தேன். அவர்களுடைய காரணங்களை அவர்கள் வாயாலேயே கேட்க விரும்புகிறேன். கட்சிப் பேச்சைத் தயவுசெய்து இங்கே கொண்டுவர வேண்டாம்.

கீழ்வீட்டுக்காரர் — ஞாயிறு, இரவு 9.40

தம்பி, நீங்கள் மரியாதையாகக் கேட்டதால் மரியாதையாகவே பதில் எழுதுகிறேன். எதிர்ப்பு மனுவில் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். எங்களைப் பட்டணத்துக்காரர்கள் என்று யாரும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. நான் பிறந்ததும் லயத்துக் காம்பராவில்தான், என் தாயார் முப்பத்தொரு வருடம் கொழுந்தெடுத்தவர்.

என் முதலாவது கவலை தண்ணீர். கடந்த ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை ஓங்கிய அந்த வாரத்தில், மலையிலிருந்து வந்த தண்ணீர் முழுவதும் உங்கள் பாதை வழியாகவே இறங்கி, அணைச்சுவரின் மேலால் வழிந்து, என் குசினிக்குள் கணுக்கால் அளவு சேறாக நின்றது. சுவர் நடுவில் ஒரு சாண் அளவு வெளியே தள்ளியிருக்கிறது. மண் பாதையாக இருக்கும்போதே இப்படியென்றால், கொங்கிறீட் போட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மண்ணுக்குள் இறங்காமல் அத்தனையும் எங்கள் தலையில் வந்து விழும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டதைப் பார்த்த பிறகும் இதைக் கற்பனைப் பயம் என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது, பாதை எங்கள் ஐந்து வீடுகளின் பின்புறச் சன்னல்களுக்கு மூன்றடி தூரத்தில் போகிறது. பகலில் பிள்ளைகள் போவது எனக்குத் தொந்தரவல்ல. சம்பள நாளின் இரவில் போகிறவர்களின் குரல் வேறு மாதிரி.

மூன்றாவது, நாங்கள் சபைக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். எங்கள் உள்வீதியில் இரண்டு வருடமாக ஒரு மின்குமிழ் எரியவில்லை. அதைச் செய்யாத சபை இதற்குப் பணம் தேடுவது எப்படி நியாயமாகும்?

சுருட்டுக்கடை — ஞாயிறு, இரவு 10.05

மின்குமிழ் எரியாததற்கும் பாதை போடாததற்கும் காரணம் ஒரே ஆள்கள்தான் என்பதை மறந்துவிட்டு நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

கொழுந்துக்காரி மகள் — திங்கள், காலை 5.50

வேலைக்குப் போகும் முன் எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மாயியை இரண்டு வருடத்துக்கு முன் இந்தப் பாதையில்தான் இறக்கினோம். இரவு பதினொரு மணி, மூச்சுத் திணறல். வண்டிக்காரர் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. கம்பளியில் படுக்கவைத்து, இரு பக்கமும் மூங்கில் கொடுத்து, நான்கு ஆண்கள் தூக்கினார்கள். நான் முன்னால் டோர்ச் பிடித்தேன். சிலிப்பர் கட்டையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும் என்பதால், அந்த இடத்தில் மாமா மட்டும் அம்மாயியை முதுகில் சுமந்து கடந்தார். அணைச்சுவர் இடுக்கில் மூங்கில் திரும்பவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. அந்த வீட்டு அக்கா தன்னுடைய பின்கதவைத் திறந்து, குசினி வழியாகவும் முன்கூடம் வழியாகவும் எங்களை வீதிக்கு விட்டார். கம்பளியிலிருந்து சொட்டிய சேற்றை அவர் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அம்மாயி அன்று பிழைத்துக்கொண்டார்.

கீழ்வீட்டு ஐயா, அது உங்கள் வரிசையில் ஒரு வீடு. ஆகவே உங்கள் பக்கத்து ஆள்களை நான் பொல்லாதவர்களாக நினைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நோயாளியையும் ஒருவருடைய குசினி வழியாகக் கொண்டுபோக முடியாதல்லவா?

பிள்ளைகளைப் பற்றி ஒரே ஒரு விடயம். பாடசாலை வாயிலுக்குப் பக்கத்திலுள்ள குழாயடியில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். எங்கள் பிள்ளைகள் செருப்போடு இறங்கி வந்து, அங்கே கால் கழுவி, சொப்பிங் பையிலிருந்து வெள்ளைச் சப்பாத்தை எடுத்துப் போடுகிறார்கள். சின்னவன் ஒருவன் தினமும் முதலில் காலுறைக்குள் அட்டை இருக்கிறதா என்று உதறிப் பார்ப்பான்.

இன்னொன்று, பாதையைத் திட்டமிடும்போது ஓடைக்கரை டர்பன்டைன் மரங்களில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே யாரும் இயந்திரம் கொண்டுவர வேண்டும். சத்தத்துக்குக் கலைந்தால் பக்கத்து மலையில் கொழுந்தெடுப்பவர்களைத்தான் அது கொட்டும்.

ஓய்வுபெற்ற தொ.உ. — திங்கள், மாலை 4.30

வேறு மாவட்டமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பல வருடம் இருந்தவன் நான். நேற்று இரவு இந்த இழையைப் படித்துவிட்டு, இன்று காலை மழை விட்டதும் போய்ப் பார்த்துவந்தேன். கையிலிருந்தது ஒரு நீர்மட்டக் குழாயும் நாடாவும்தான். ஆகவே என்னுடைய அளவுகளை முன்பின் ஒரு மீற்றர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே பிரட்டுக்களத்துக்கும் கீழே வீதிக்கும் உயர வித்தியாசம் 58 மீற்றர். முழுவதையும் படியாகப் போட்டால், ஒரு படிக்கு 15 சென்ரிமீற்றர் உயரம் என்ற கணக்கில் 387 படிகள் வரும். முழுவதையும் சாய்தளமாக, சக்கர நாற்காலிக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் 12க்கு 1 என்ற சரிவில் போட்டால் 696 மீற்றர் நீளம் வேண்டும். நம்மிடம் இருப்பதோ 412. இந்த இரண்டு கணக்கையும் வைத்துத்தான் சபையில் ஒருவர் "முடியாது" என்றார் எனக் கேள்விப்பட்டேன். கணக்குச் சரி, ஆனால் மலை அப்படிச் சீராக இறங்கவில்லை.

பிரட்டுக்களத்திலிருந்து ஓடை வரையான 250 மீற்றரில் வீழ்ச்சி 20 மீற்றர் மட்டுமே. அதாவது அந்தப் பகுதி ஏற்கெனவே ஏறத்தாழ பன்னிரண்டரைக்கு ஒன்று. அங்கே ஒரு படிகூட வேண்டாம், தள்ளுவண்டியே போகும். எஞ்சிய 162 மீற்றரில்தான் 38 மீற்றர் வீழ்ச்சி இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 253 படிகள் தேவைப்படும். படியின் மிதிபலகை 30 சென்ரிமீற்றர் என்றால் படிகள் எடுத்துக்கொள்ளும் நீளம் 76 மீற்றர்தான். மீதி 86 மீற்றரை இடையிடையே தரிப்புத் தட்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். அகலம் ஒன்றரை மீற்றருக்குக் குறையக் கூடாது. இன்று காலை சகோதரி எழுதியதைப் படித்த பின் இந்த எண்ணில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒரு தூக்குப்படுக்கை திரும்புவதற்கு அந்த அகலம் கட்டாயம்.

இனித் தண்ணீர். கீழ்வீட்டு நண்பர் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் அவர் வீட்டுக்குள் சேறு வந்ததற்குக் காரணம் பாதை இருப்பதல்ல, பாதைக்குக் கான் (வடிகால்) இல்லாதது. மலைச்சரிவின் குறுக்கே மனிதன் மிதித்து உண்டாக்கிய எந்தத் தடமும் நாளடைவில் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்துபோகும். தாழ்ந்த இடத்தைத் தண்ணீர் தன் வழியாக்கிக்கொள்ளும். பழைய காலத்துத் தேயிலைத் தோட்டங்களில் கான் வெட்டுவதைத் தனி வேலையாகவே வைத்திருந்தார்கள், மலைக்கு மலை கான் எண்ணிக் கூலி கொடுத்தார்கள். பதினோராம் நம்பர் மலையில் இரண்டு கான்கள் தூர்ந்து புல் மூடிக் கிடக்கின்றன, இன்று காலை நானே கம்பால் குத்திப் பார்த்தேன். அந்த இரண்டையும் தூர்வாரினாலே பாதி நீர் ஓடைக்குத் திரும்பிவிடும். அதோடு பாதையின் மலைப்பக்கத்தில் சீமெந்துக் கான் ஒன்று, பாதைக்கு அந்தக் கானை நோக்கி இலேசான சாய்வு, ஒவ்வொரு தரிப்புத் தட்டிலும் குறுக்குக் கான், கடைசியில் வீதியின் கானோடு குழாய் இணைப்பு. இவை இல்லாமல் கொங்கிறீட் மட்டும் போட்டால் நானும் எதிர்ப்பு மனுவில் கையொப்பமிடுவேன்.

அணைச்சுவரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் நீர் கசிந்து வெளியேறும் துளைகளை யாரோ சீமெந்து பூசி அடைத்திருக்கிறார்கள், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். சுவர் பிதுங்கியதற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. பாதை வந்தாலும் வராவிட்டாலும் இந்த மழைக்கு முன் அவற்றைத் திறந்துவிடுங்கள். சரிவின் மண்நிலையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் அவர்களுடைய கருத்தைப் பெறாமல் சரிவில் கைவைப்பது மடமை.

மேற்பரப்பைப் பூசி வழுவழுப்பாக்க வேண்டாம் என்று ஒப்பந்தக்காரரிடம் இப்போதே சொல்லிவைக்கலாம். ஈரம் காயும் முன் விளக்குமாற்றால் குறுக்காக ஓர் இழுப்பு இழுத்தால் போதும், பாசி பிடித்தாலும் கால் நிற்கும்.

தோட்டத்து உத்தியோகத்தர் — திங்கள், இரவு 7.20

நிர்வாகத்தின் சார்பில் பேச எனக்கு அதிகாரமில்லை. இங்கு எழுதுவது என் சொந்தக் கருத்து. தோட்டத்தை நடத்தும் துரைமார் இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்கு ஏன் தயங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

காணி கம்பனிக்குச் சொந்தமானதல்ல. 1992ஆம் ஆண்டு அரசாங்கம் தோட்டங்களைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைத்து, பின்னர் 53 வருடக் குத்தகை கொடுத்தது. குத்தகைக்காரர் ஒருவர் பிறருடைய காணியில் நிரந்தரப் பாதைக்கு எழுத்தில் சம்மதம் கொடுத்தால் நாளை கணக்காய்வில் அவரைத்தான் கேட்பார்கள். அதனால் வாய்ச்சொல்லில் "போங்கள்" என்பார்கள், கடிதம் கேட்டால் மௌனமாகிவிடுவார்கள்.

தேயிலை அழியும் என்ற காரணத்தைச் சபையில் சொன்னார்களாம். 412 மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம் என்றால் 618 சதுர மீற்றர். ஹெக்டயருக்கு 12,500 செடி என்ற கணக்கில் ஏறத்தாழ 770 செடி. அதில் பாதிக்கு மேல் இன்று வெறும் தரை, மக்கள் நடந்து நடந்து செடியே இல்லாத இடம். ஆகவே அது பெரிய இழப்பல்ல; இதைச் சொன்னதற்காக என்னை யாரும் தேடவேண்டாம்.

சட்டம் படிப்பவள் — திங்கள், இரவு 11.10

உத்தியோகத்தர் அண்ணா தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொங்கிறீட்டின் கனத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இந்தப் பாதை காகிதத்தில் எங்காவது இருக்கிறதா என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

"நூறு வருடமாக நடக்கிறோம், ஆகவே வழி எங்களுடையது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தனியார் காணியாக இருந்திருந்தால் அந்த வாதத்துக்குப் பலம் இருந்திருக்கும். நீண்டகால அனுபோகத்தால் உரிமை பிறப்பதைப் பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்து வருடம் தடையின்றியும் அனுமதி கேட்காமலும் பயன்படுத்தப்பட்ட வழிக்கு உரிமை கோரலாம். ஆனால் அதே சட்டம் அரசின் உரிமைகளைப் பாதிக்காது என்று விலக்கும் வைத்திருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்குப் போனதால், நம்முடைய நூறு வருட நடை நீதிமன்றத்தில் எடுபடுவது கடினம். ஐம்பது வருடமாக நாம் நடப்பது அரசு தடுக்காததால் மட்டுமே.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? முன்பெல்லாம் தோட்டம் என்றாலே சபைகள் கையை விரிக்கும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட முடியாது என்பார்கள். தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே தோட்டத்து லயத்துக்கு ஒரு கான்கூட வெட்ட முடியாத வினோதம் பல வருடம் நடந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அந்தத் தடை நீங்கியது. ஆகவே "சட்டத்தில் இடமில்லை" என்று இப்போது யாராவது சொன்னால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

பிரேரணையின் வாசகத்தை மாற்ற வேண்டும் என்பது என் ஆலோசனை. "செப்பனிட வேண்டும்" என்று இருப்பதால் அது வெறும் வேலைத்திட்டம். பணம் முடிந்தால் பாதையும் முடிந்தது. காணியின் உரிமை எந்த நிறுவனத்திடம் இருக்கிறது, மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையா, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமா, காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவா என்று முதலில் உறுதிசெய்து, அந்த நிறுவனத்தின் சம்மதத்தையும் கம்பனியின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்று, நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் தயாரித்து, சபையின் பொதுப்பாதைகளில் ஒன்றாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று அந்தத் தீர்மானம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 2045இல் குத்தகை முடிந்து வேறொருவர் வந்து வேலி போட்டால், நம் கொங்கிறீட் அவருடைய காணிக்குள் கிடக்கும்.

வீடமைப்புத் திட்டத்தின் பழைய நில அளவை வரைபடத்தையும் யாராவது பார்க்க வேண்டும். மலைநாட்டில் காணி துண்டுபோடும்போது மேலிருந்து வரும் நடைவழிக்கு இடம் விடுவது வழக்கம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் விண்ணப்பம் கொடுத்தால், 14 வேலை நாள்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியே ஆகவேண்டும். 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் நம் மாவட்டத்தின் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன; ஆகவே பழைய கோப்புகளைத் தேடும்போது தாய்ச் சபையிலும் கேட்டுப்பாருங்கள்.

தண்டவாளத்தான் — செவ்வாய், காலை 6.30

அடுத்த தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுக்காவது மண்பாதை இருக்கிறது. எங்கள் பிரிவுப் பிள்ளைகள் புகையிரதப் பாதையில் சல்லிக்கல் மேல் நடந்து பாடசாலைக்குப் போகிறார்கள். தண்டவாளத்தில் நடப்பது குற்றம் என்று பலகையும் இருக்கிறது, அந்தப் பலகையில் சாய்ந்துதான் பிள்ளைகள் புகையிரதம் போகட்டும் என்று காத்து நிற்பார்கள். உங்கள் பிரேரணை நிறைவேறினால் அதன் பிரதியை எங்களுக்கும் தாருங்கள்.

கீழ்வீட்டுக்காரர் — செவ்வாய், இரவு 8.00

தொ.உ. ஐயா சொன்னபடி இன்று மாலை சுவரின் துளைகளைப் பார்த்தேன். அடைத்தது நான்தான். மேசன் "பூசிவிடுவோமா" என்றார், "பூசுங்கள்" என்றேன். ஒரு துளையை உளியால் திறந்ததும் செந்நிறத் தண்ணீர் ஒரு வாளி அளவுக்கு வந்தது. மற்றவற்றை ஞாயிறன்று திறப்பேன்.

ஆனால் மதிப்பீட்டு வரி பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மேற்பிரிவு மகன் — செவ்வாய், இரவு 8.35

ஐயா, பதில் சொல்லத் தயங்கினேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. மின்குமிழ் எரிய வேண்டும். நானும் உங்களோடு வந்து அதைக் கேட்கிறேன். அதே நேரம், லயத்து வாசலில் வரித் துண்டு வராததால் நாங்கள் எதுவும் கொடுக்காதவர்கள் என்று ஆகிவிடாது. நாங்கள் வாங்கும் அரிசியிலும் சோப்பிலும் வரி இருக்கிறது. 1948இல் பறிபோன பிரஜாவுரிமையைத் துண்டு துண்டாகத் திரும்பப் பெற்று, கடைசி மிச்சத்தை 2003இல்தான் பெற்றோம். வரி கட்டாததற்குக் காரணம் நாங்கள் மறுத்தது அல்ல, எங்கள் பெயரில் வரி விதிக்கக்கூடிய ஒரு வீடோ காணியோ இல்லாதது. 2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடையில் சில மைல் நானும் போனேன். வழியெல்லாம் இந்த 412 மீற்றர்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இரவுச் சத்தம் பற்றி ஒரு யோசனை. சுவருக்கும் பாதைக்கும் இடையில் தலைக்கு மேல் உயரத்தில் தகரம் அடிக்கலாமா, அல்லது பாதையை இன்னும் மூன்றடி தள்ள வழியுண்டா?

சுருட்டுக்கடை — செவ்வாய், இரவு 9.15

தகரம் வேண்டாம். மறைவு கிடைத்தால் அங்கேயே போத்தலோடு உட்கார்ந்துவிடுவார்கள். விளக்குப் போடுங்கள்.

கொழுந்துக்காரி மகள் — புதன், காலை 5.45

சுருட்டுக்கடை அண்ணன் சொல்வதுதான் சரி. இரு பக்கமும் மூடிய வழியில் இருட்டியபின் எந்தப் பெண்ணும் தனியாகப் போகமாட்டாள். திறந்திருந்தால்தான் வீட்டு விளக்கு எங்கள் மேல் படும்.

கீழ்வீட்டுக்காரர் — வெள்ளி, இரவு 10.20

மூன்று நாள் எழுதவில்லை. சட்டம் படிக்கும் மகள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. புதன்கிழமை மனைவி கோயிலுக்குப் போயிருந்தபோது அலுமாரியின் மேற்தட்டிலிருந்து எங்கள் வீட்டு உறுதியை எடுத்தேன். பதினெட்டு வருடமாக அதை வங்கிக்கு ஒரு தடவை கொண்டுபோனதைத் தவிர நான் திறந்து வாசித்ததில்லை. வாங்கிய நாளில் நொத்தாரிசு வாசித்தார், நான் தலையாட்டினேன்.

அட்டவணையில் எல்லைகள் இப்படி இருக்கின்றன. வடக்கே அடுத்த துண்டு, கிழக்கே உள்வீதி, மேற்கே அடுத்த துண்டு. தெற்கே என்ற இடத்தில் "8 அடி அகல நடைவழிக்கான ஒதுக்கீடு" என்று எழுதியிருக்கிறது. பின்னால் இணைத்திருந்த வரைபடப் பிரதி மங்கிப்போயிருந்தாலும், ஐந்து துண்டுகளின் பின்னாலும் இரட்டைக் கோடு ஒன்று மேலே மலை வரை போவது தெரிகிறது.

நாடா எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மலைப்பக்கத்து எல்லைக் கல் புல்லுக்குள் இருக்கிறது. அந்தக் கல்லிலிருந்து என் அணைச்சுவர் இரண்டரை அடியில் நிற்கிறது. அதாவது ஐந்தரை அடியை நான் உள்ளே எடுத்துச் சுவர் கட்டியிருக்கிறேன். குசினி நீட்டியதும் அந்த இடத்தில்தான். கட்டும்போது "அங்கே யார் வரப்போகிறார்கள்" என்று மேசன் சொன்னது ஞாபகம் இருக்கிறது. யார் வருகிறார்கள் என்று அப்போதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

இதை இங்கே எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் என்னோடு பேசாமல் போகலாம். ஒருவரிடம் மட்டும் காட்டினேன், அவர் தன் உறுதியைத் தேடிப்பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஓய்வுபெற்ற தொ.உ. — வெள்ளி, இரவு 11.00

ஐயா, குசினியை இடிக்க வேண்டும் என்று இப்போதே நினைத்துக்கொள்ளாதீர்கள். எட்டடி என்பது ஏறத்தாழ 2.4 மீற்றர். பாதைக்கு ஒன்றரை, கானுக்கு 40 சென்ரிமீற்றர் போக மேலும் அரை மீற்றர் மிச்சம் இருக்கிறது. உங்கள் சுவர் எப்படியும் பிதுங்கிவிட்டது, அதைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். புதிய சுவரை ஏறத்தாழ நான்கடி உள்ளே எடுத்தால் பாதையும் கானும் அடங்கும், குசினியின் முக்கால் பங்கு தப்பும் என்று கண்மதிப்பாகத் தோன்றுகிறது. மிச்சமுள்ள அரை மீற்றருக்குள் குசினி மூலையை விடுவதற்குச் சபையின் எழுத்து மூல இணக்கம் வேண்டும். அதைச் சட்டம் படிக்கும் மகள்தான் சொல்ல வேண்டும்.

சட்டம் படிப்பவள் — சனி, காலை 9.05

ஒதுக்கீட்டைத் தனியாருக்கு விட்டுக்கொடுக்கச் சபைக்கு அதிகாரம் உண்டா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. ஆகவே அந்த வாக்குறுதியை யாரும் இங்கே கொடுக்க வேண்டாம். ஆனால் கீழ்ப்பகுதிக்கு வழி ஒதுக்கப்பட்ட வரைபடம் கிடைத்ததால் நிலைமை மாறியிருக்கிறது. கீழே நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. இருப்பதைத் திறக்கும்படி கேட்கிறோம். மேலேயுள்ள தோட்டக் காணிக்கு மட்டும் சம்மதக் கடிதங்கள் தேவை. அங்கிள், உறுதியின் பிரதியைச் சபைக்குக் கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். வரைபடத்தை நாங்கள் தகவல் விண்ணப்பம் மூலம் எடுத்துக்கொள்வோம், உங்கள் பெயர் வராது.

மேற்பிரிவு மகன் — சனி, மாலை 6.50

இன்று காலை வட்டார உறுப்பினரைச் சந்தித்தேன். பிரேரணையின் வாசகத்தை மாற்றி, அடுத்த கூட்டத்தில் திருத்தமாகக் கொண்டுவரச் சம்மதித்தார். வரும் புதன்கிழமை காலை 10 மணிக்குச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தளத்துக்கு வருகிறார். தூர்ந்த கான்கள் இரண்டையும் நாளை காலை நாங்களே வெட்டுவது என்று பிரிவு இளைஞர்கள் முடிவுசெய்திருக்கிறார்கள். தோட்ட அலுவலகத்தில் சொல்லியாயிற்று, மண்வெட்டி ஆறு கிடைத்திருக்கிறது.

கீழ்வீட்டு ஐயா, நீங்கள் எழுதியதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நாளை நீங்கள் சுவர்த் துளைகளைத் திறப்பதாக எழுதியிருந்தீர்கள். கான் வேலை முடிந்ததும் இரண்டு பேர் உளியோடு கீழே இறங்கி வருவார்கள்.

கீழ்வீட்டுக்காரர் — சனி, இரவு 7.30

பத்து மணிக்குப் பிறகு வாருங்கள், அதற்குமுன் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன். இடுக்கு வழியாக வராமல் பின்கதவால் வாருங்கள், திறந்து வைக்கிறேன். புதன்கிழமை அளக்கும்போது எல்லைக் கல் தெரிய வேண்டும் என்பதால் அந்தப் புல்லை இன்று வெட்டிவிட்டேன்.